மடக்குக் கூரை காருக்கு ஒரு வாளித் தண்ணீர்

ஆசிரியருக்கு வணக்கம்.

மலிவாக வருகிறதே என்று கூரையை மடக்கித் திறக்கும் பழைய இரண்டு சீட் கார் வாங்குவோர் இன்ஜின் சத்தத்தைக் கேட்டே மயங்கிவிடுகிறார்கள். இன்ஜினை மதுரையிலேயே சரிசெய்துவிடலாம். காசைத் தின்பது கூரையும் அடிப்பாகமும்தான்.

கோவாவில் தயாரான சான் ஸ்டார்ம் காரின் பாடி ஃபைபர், துருப்பிடிக்காது. ஆனால் அடியில் இருப்பது இரும்பு. லிஃப்டில் ஏற்றி ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிப் பாருங்கள். 'டங்' என்றால் நல்லது, 'பொத்' என்றால் உள்ளே அரித்திருக்கும்.

கூரையை மூடி ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுங்கள். பத்து நிமிடம் கழித்து சீட்டுக்கு அடியில் உள்ள தரை விரிப்பை விரலால் அழுத்துங்கள். ஈரம் என்றாலே கூரை கிழிந்திருப்பதாக அர்த்தமில்லை. வேப்பமரத்தடியில் நிற்கும் வண்டியில் பூவும் சருகும் கூரைத் தண்ணீர் வெளியேறும் வடிகால் துளையை அடைத்துவிடும். மெல்லிய நைலான் ஒயர் விட்டு எடுக்கலாம். இரும்புக் கம்பியால் குத்தினால் வடிகால் டியூப் கிழியும். பின்பக்க பிளாஸ்டிக் ஜன்னல் நம் ஊர் வெயிலில் மஞ்சளித்து, மடிப்பில் விரிசல் விடும்.

டயரில் '2319' என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் தயாரானது. டயரின் மேல்பட்டன் தேயாமல் பளபளத்தாலும் வயது வயதுதான்.

வெளிமாநில வண்டிக்கு என்ஓசி (தடையில்லாச் சான்று), அதாவது படிவம் 28, கைக்கு வராமல் முன்பணம் கொடுக்காதீர்கள். ஆர்சியில் (பதிவுச் சான்றில்) கடன் குறிப்பு இருந்தால், கடன் தீர்ந்ததைக் காட்டும் படிவம் 35 வேண்டும். இங்கே சாலை வரி தனி. அதையும் விலையோடு கூட்டிப் பேரம் பேசுங்கள்.

– ஒரு வாசகர், திருநகர், மதுரை