"புத்தகத்தில் இப்படி இல்லை" என்று கத்துகிற கூட்டத்துக்கு ஒரு திறந்த மடல்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், சித்தூர் பக்கத்து டிராகன் ரசிகர்களுக்கு, அதிலும் முக்கியமாக அந்தத் தடிமனான இங்கிலீஷ் புத்தகத்தைப் படித்து முடித்துவிட்டு மற்ற யாரையும் நிம்மதியாகப் பார்க்கவிடாத அண்ணன்மார், அக்காமாருக்கு வணக்கம்.

நானும் படித்தவள்தான். அதனால் படிக்காதவளின் வயிற்றெரிச்சல் என்று இதை ஓரம்கட்டிவிட முடியாது. 'ஃபயர் அண்ட் பிளட்' புத்தகம் 2018-ல் வந்தது, அதை வைத்து எடுத்த 'ஹவுஸ் ஆஃப் தி டிராகன்' டிவி தொடர் 2022 ஆகஸ்டில் தொடங்கியது, நம்மில் முக்கால்வாசிப் பேர் தொடரைப் பார்த்த பிறகுதான் புத்தகத்தைத் தேடி ஓடினோம். இப்போது என்னவோ பிறந்ததிலிருந்தே மடியில் வைத்துக்கொண்டு வளர்ந்த மாதிரி பேசுகிறோம். சரி, அது கிடக்கட்டும். தெரியாதவர்களுக்கு ஒரு வரி: டிராகன் ஏறுகிற ஒரு ராஜ குடும்பம், ராஜா விசேரிஸின் மகள் ரெய்னிரா பக்கம் கருப்பு அணி, அவருடைய இரண்டாம் மனைவி அலிசென்ட் பக்கம் பச்சை அணி என்று பிரிந்து சிம்மாசனத்துக்கு அடித்துக்கொள்கிற கதை.

இதை எழுத வைத்தது ஒரு சின்னச் சம்பவம். வேலந்தாவளம் செக்போஸ்ட் பக்கம் ஒரு பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது பிளஸ் ஒன் படிக்கிற ஒரு பையன், நம் கூட்டத்துப் பையன்தான், இரண்டாவது சீசன் முதல் எபிசோடில் அலிசென்டின் மகள் ராணி ஹெலேனாவின் பிள்ளையைக் கொல்ல ஆட்கள் வருகிற காட்சியைப் பற்றிக் கேட்டான். "ஏண்ணா, கத்தியோட வந்தவனுக்கு ஹெலேனா எதுக்குக் கையைக் காட்டுனா?" நல்ல கேள்வி. அந்தக் காட்சியைப் பற்றிக் கேட்க வேண்டிய ஒரே கேள்வியே அதுதான். அதற்கு நம் பெரிய அண்ணன் சொன்ன பதில்: "மொதல்ல போய் புக்கைப் படிச்சுட்டு வாடா." அதோடு விட்டாரா? யார் யார் எப்படிச் சாவார்கள் என்று கடைசி வரை ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். பையன் பாவம், பப்ஸைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. அதில் பாதி எனக்கும் உண்டு. ஆனால் கோபத்துக்கு நீங்கள் சொல்கிற காரணம் நிற்கவில்லை.

அந்தப் புத்தகம் எப்படிப்பட்டது என்று கொஞ்சம் யோசியுங்கள். அது வழக்கமான நாவல் கிடையாது. கில்டெய்ன் என்ற ஒரு அறிஞர், எல்லாம் நடந்து ரொம்ப காலம் கழித்து, பழைய ஏடுகளைப் புரட்டி எழுதிய சரித்திரம் மாதிரி ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் அதை அமைத்திருக்கிறார். கில்டெய்னுக்குச் சாட்சிகள் பெரும்பாலும் மூன்று பேர். ஒருவர் யூஸ்டஸ், அரண்மனைப் பூசாரி, அவர் மனசு பச்சை அணிப் பக்கம். இன்னொருவர் மன்கன், பதவியில் இருந்தவர். மூன்றாவது ஆள் மஷ்ரூம், அரசவைக் கோமாளி, எதைச் சொன்னாலும் அதில் கட்டில் கதை ஒன்றைச் சேர்க்காமல் விடமாட்டான். ஒரே இரவு நடந்ததை மூன்று பேரும் மூன்று விதமாகச் சொல்வார்கள், கில்டெய்ன் தாடியைத் தடவிக்கொண்டு "உண்மை எதுவோ" என்கிற தோரணையில் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். அந்தப் புத்தகத்தின் ருசியே அதில்தான் இருக்கிறது. இப்போது சொல்லுங்கள், "புத்தகத்தில் இப்படித்தான் இருக்கிறது" என்று நீங்கள் மேசையைத் தட்டும்போது எந்தச் சாட்சி சொன்னதை வைத்துத் தட்டுகிறீர்கள்? பூசாரி சொன்னதையா, கோமாளி சொன்னதையா?

மாற்றினாலே கெட்டுப்போகும் என்பதும் சரியில்லை. விசேரிஸை எடுத்துக்கொள்ளுங்கள். புத்தகத்தில் அவர் விருந்து வைத்துக்கொண்டு, எல்லோரையும் சமாதானப்படுத்திக்கொண்டு, ஒருநாள் தூக்கத்தில் போய்ச் சேர்கிற ராஜா. தொடரில் பேடி கான்சிடைன் அவரை என்னவாக ஆக்கிவிட்டார் பார்த்தீர்கள் அல்லவா. முதல் சீசன் எட்டாவது எபிசோடில், பாதி முகத்தில் தங்கத் தகடு, கோல் ஊன்றி, மூச்சு வாங்க அந்தச் சிம்மாசனத்தை நோக்கி நடந்து வருகிறாரே, யாரும் பேசவில்லை, உதவிக்கு வந்த காவலனையும் விலக்கிவிடுகிறார், படியில் கிரீடம் கழன்று விழுகிறது. குனிந்து எடுத்துத் தலையில் வைக்கிறான் தம்பி டேமன், அத்தனை வருஷம் அந்தக் கிரீடத்தின் மேல் கண்ணாக இருந்தவன். கிரீடம் விழுந்தது படப்பிடிப்பில் தற்செயலாக நடந்தது, அதை அப்படியே காட்சியில் சேர்த்துக்கொண்டோம் என்று இயக்குநர் கீதா வசந்த் படேல் சொல்லியிருக்கிறார். புத்தகத்தில் இந்த நடையே இல்லை. இருந்தும் மார்ட்டினே, தான் எழுதிய விசேரிஸைவிட இந்த விசேரிஸ் மேல் என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். எழுதியவரே வழிவிட்ட இடத்தில் நாம் ஏன் குறுக்கே கட்டில் போட்டுப் படுக்க வேண்டும்?

நம் பாலக்காட்டுக்காரர்களுக்கு இது புரியாமல் இருக்கக் கூடாது. பகவதி கோயில் கூத்துமாடத்தில் விளக்கு வரிசைக்கு முன்னால் தோல்பாவை ஆட்டிக்கொண்டு விடிய விடியப் பாடுகிறார்களே, அது கம்பனின் தமிழ்ப் பாட்டு. விளக்கம் பாதி தமிழ், பாதி மலையாளம். தாரிகனோடு சண்டையில் இருந்ததால் ராவண வதத்தைப் பார்க்க முடியாமல் போன பத்ரகாளிக்காக அந்தக் கூத்து என்பார்கள். அந்தக் கம்பனே வால்மீகியை அப்படியே கொண்டுவரவில்லை. வால்மீகியில் ராவணன் சீதையைக் கையால் பிடித்துத் தூக்கிப் போகிறான். கம்பனில் குடிசையோடு நிலத்தைப் பெயர்த்து எடுத்துப் போகிறான். இரணியன் வதையை ஒரு படலமாகவே கொண்டுவந்து யுத்த காண்டத்தில் விபீஷணன் வாயில் வைத்தார், வால்மீகியில் அது கிடையாது. யாரும் கூத்துமாடத்தின் முன்னால் உட்கார்ந்து "ஒரிஜினலில் இப்படி இல்லை" என்று கூச்சல் போடவில்லை. மாற்றியவர் ஏன் மாற்றினார், மாற்றியதற்கான விலையை வேறு இடத்தில் கொடுத்தாரா என்றுதான் பார்த்தார்கள்.

அலிசென்ட் விஷயமும் அப்படித்தான். புத்தகத்தில் அவள் ரெய்னிராவைவிட ஒன்பது வயது மூத்தவள், சித்தி என்றால் சித்தியேதான். தொடரில் இருவரும் ஒரே மரத்தடியில் மடியில் தலைவைத்துப் படித்த தோழிகள். அதனால்தான் பின்னால் வருகிற ஒவ்வொரு வார்த்தையும் குத்துகிறது. எனக்கு இந்த மாற்றம் பிடித்திருந்தது. இரண்டாவது சீசனில் இதையே பிடித்துக்கொண்டு, நாடே இரண்டாகப் பிளந்து நிற்கும்போது ஒருத்தி வேஷம் மாற்றிக்கொண்டு கோயிலுக்குள் போவதும், கடைசியில் இன்னொருத்தி படகேறி எதிரி கோட்டைக்கே போய் நிற்பதும் எனக்கு ஒட்டவில்லை. புத்தகத்தில் இல்லை என்பதற்காகச் சொல்லவில்லை. முதல் சீசனே போட்டுவைத்த அடித்தளத்தை அது ஆட்டிவிட்டது, அதற்காகச் சொல்கிறேன். இப்படிச் சொன்னால் புத்தகம் படிக்காத ஆளும் நம்மோடு உட்கார்ந்து பேச முடியும், இல்லையா?

இப்போது அந்தப் பையன் கேட்ட கேள்வி. புத்தகத்தில் ஹெலேனாவுக்கு மூன்று குழந்தைகள். இரட்டையரான ஜேஹேரிஸ், ஜேஹேரா, அப்புறம் இரண்டு வயது மேலோர். இரண்டு கொலைகாரர்கள் வந்து, இரண்டு பையன்களில் எவனைக் கொடுக்கிறாய், நீயே சொல் என்கிறார்கள். என்னைக் கொல்லுங்கள் என்கிறாள். அது கணக்கில் வராது என்கிறார்கள். கடைசியில், சின்னவனுக்குப் புரியாது என்று நினைத்தாளோ என்னவோ, மேலோரைச் சொல்கிறாள். அவர்கள் அதைக் குழந்தையின் காதில் போட்டுவிட்டு, பெரியவனைக் கொல்கிறார்கள். அதற்குப் பிறகு உயிரோடு இருக்கிற சின்னவன் முகத்தைப் பார்க்க முடியாமல் அந்தத் தாய் தவிப்பாள். சம்பவத்தைவிட, அதற்குப் பிறகு வருகிற ஒவ்வொரு காலையும்தான் கொடுமை.

தொடரில் மேலோரே இல்லை. இரட்டையர் தூங்குகிறார்கள், இதில் பையன் எது என்று வந்தவர்களுக்குத் தெரியவில்லை, அவள் காட்டிவிடுகிறாள், சமாதானத்துக்கு நகையைக் கொடுக்கப் பார்க்கிறாள், பெண்ணைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாள். பயங்கரமாக இல்லை என்று சொல்ல மாட்டேன், அந்தச் சத்தத்தை மட்டும் காட்டியது நல்ல யோசனை. ஆனால் அவள் தேர்வு செய்யவில்லை, அடையாளம் காட்டினாள், அவ்வளவுதான். தேர்வு இல்லாததால் குற்ற உணர்ச்சிக்கு வேர் இல்லாமல் போய்விட்டது. அந்த வேர் இல்லாமல் ஹெலேனாவின் கதையை இவர்கள் எப்படி மேலே கொண்டுபோகப் போகிறார்கள் என்பதுதான் கவலை. 2024 செப்டம்பரில் மார்ட்டின் தன் வலைப்பூவில் இதையேதான் எழுதினார். மேலோரைத் தள்ளிப்போடுகிறோம் என்றுதான் தொடரை நடத்துகிற ரயான் காண்டல் முதலில் சொன்னாராம், அப்புறம் ஆளையே எடுத்துவிட்டார்களாம். ஒரு சின்னக் குழந்தையை உருவினால் பின்னால் எதெல்லாம் சரிந்து விழும் என்று விளக்கினார். பதிவைச் சீக்கிரமே எடுத்துவிட்டார், அதற்குள் உலகமே படித்துவிட்டது. அவர் "என் புத்தகத்தில் இப்படி இல்லை" என்று அழவில்லை, இதனால் அது போகும், அது போனால் இன்னொன்று போகும் என்று கோர்வையாகச் சொன்னார். அந்தப் பதிவை எல்லோருக்கும் அனுப்பிவைத்த நீங்கள் அதிலிருந்து வாதத்தை விட்டுவிட்டு ஆத்திரத்தை மட்டும் எடுத்துக்கொண்டீர்கள். (மேலோர் பின்னால் எப்படி முக்கியமாகிறான் என்று நான் இங்கே எழுதவில்லை, படிக்காதவர்களும் இதை வாசிப்பார்கள்.)

என் சொந்தக் கோபம் நெட்டில்ஸ். இதில் நானும் நல்லபடி பேச மாட்டேன். புத்தகத்தில் ஒரு துறைமுகத்துப் பெண், மாநிறம், வம்சமில்லை, வாயைத் திறந்தால் வசை. ஷீப்ஸ்டீலர் என்கிற அந்த அழுக்கு நிற டிராகனிடம் ராஜ வம்சத்து ரத்தம் என்று சொல்லிக்கொண்டு போனவனெல்லாம் கருகிப்போனான். இவள் தினமும் காலையில் புதிதாக அறுத்த ஒரு ஆட்டைக் கொண்டுபோய்ப் போடுகிறாள். நாளாக நாளாக அது இவளை எதிர்பார்க்கத் தொடங்குகிறது. என் அம்மாயி முட்டுக் கிடா ஒன்றை வழிக்குக் கொண்டுவந்தது இப்படித்தான். தினம் ஒரே நேரம், ஒரே சேலை, கையில் ஒரு கொத்து அகத்தி, கிட்டே போகாமல் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று நீட்டுவார், ஒரு வார்த்தை பேசமாட்டார். டிராகன் ஏற ரத்தம் வேண்டுமா, பொறுமை போதுமா என்று அந்தப் புத்தகம் முழுக்க ராஜாக்களை வைத்துப் பேசியதையெல்லாம் அந்த ஒரு பெண் சந்தேகத்துக்கு உள்ளாக்கிவிட்டாள். தொடரில் ஷீப்ஸ்டீலரைத் தேடிப் போகிறவள் ரெய்னா, டேமனின் மகள், ராஜ வீட்டுப் பெண். மற்ற டிராகன்களைப் பிடிக்கிற ஹியூவும் உல்ஃபும்கூட அந்த வம்சத்து வழி என்று சொல்லிக்கொள்கிறவர்கள். கேள்வியையே எடுத்துவிட்டார்கள். ரெய்னாவுக்கும் ஒரு கதை வேண்டும் என்பது நியாயம்தான், ஆனால் அதற்கு இவளிடமிருந்தா பிடுங்க வேண்டும்?

இன்னொன்று. கருப்பு அணியின் கடற்படைத் தலைவர் கோர்லிஸ் வெலரியனாக ஸ்டீவ் டூசான் வந்தபோது "புத்தகத்தில் அவர் வெள்ளை" என்று இணையம் முழுக்க அவரைத் திட்டினார்கள், அதைப் பற்றி அவரே பேசியிருக்கிறார். நம் ஆட்களிலும் சிலர் அதே பாட்டைப் பாடினார்கள். வீட்டில் கண்ணாடி இல்லை போலிருக்கிறது. கதை ரீதியாகப் பார்த்தாலும் அது கெட்டிக்கார மாற்றம். கோர்லிஸின் மகனும் ரெய்னிராவின் கணவனுமான லேனோர் கறுப்பு, ரெய்னிராவின் பிள்ளைகளோ வெளுத்த தோலும் பழுப்பு முடியும், அரசவையில் யாரும் வாய் திறக்காமலே விஷயம் பார்க்கிறவர்களுக்கு விளங்கிவிடுகிறது. புத்தகத்தைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு இந்த மாதிரிப் பேச்சைப் பேசுகிறவர்கள் தயவுசெய்து கருப்பு அணியிலும் வேண்டாம், பச்சை அணியிலும் வேண்டாம்.

இரண்டாவது சீசன் எட்டே எபிசோடில் முடிந்தது, பெரிய கடற்போர் வரப்போகிறது என்று கப்பலைக் காட்டிவிட்டுத் திரையை இறக்கினார்கள் என்கிற கோபத்தில் நானும் உங்களோடுதான். அதற்குப் புத்தகம் படித்திருக்கவே வேண்டாம்.

மொத்தம் நான்கு சீசனில் முடிக்கிறோம் என்று காண்டல் சொல்லிவிட்டார். இன்னும் நிறைய வெட்டுவார்கள், ஒட்டுவார்கள். இதே கூட்டத்தில் பாதிப் பேர் 2022-ல் 'பொன்னியின் செல்வன்' படத்தில் மணிமேகலை எங்கே என்று கேட்டுப் படம் முடியும் வரை பக்கத்து சீட்டுக்காரரைப் படுத்தியவர்கள் என்பதால், அடுத்த முறை என்ன நடக்கும் என்று எனக்கு நன்றாகவே தெரியும். அதனால் கேட்கிறேன். ஒன்றாக உட்கார்ந்து பார்க்கும்போது எபிசோட் முடியும் வரை "புத்தகத்தில்" என்ற சொல் வேண்டாம். முடிந்த பிறகு பேசுங்கள், அந்த மாற்றத்தால் எது போனது, எது வந்தது என்று பேசுங்கள். நடிகர்களின் பக்கங்களில் போய் வசை எழுதுகிறவர்கள் நம் வீட்டுப் பக்கம் வர வேண்டாம். அப்புறம், சின்னப் பையன்கள் கேள்வி கேட்டால் கேட்டதற்கு மட்டும் பதில்.

நெட்டில்ஸ் விஷயத்தில் என்னோடு சண்டை போட நினைக்கிறவர்கள், ரெய்னா கட்சிக்காரர்கள் உட்பட, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அதே பேக்கரிக்கு வரலாம். டீயும் பழம்பொரியும் என் கணக்கு. கதை முடிவை உளறுகிறவர் மட்டும் எல்லோருடைய பில்லையும் கட்டிவிட்டுப் போகட்டும்.

இப்படிக்கு,
கொழிஞ்சாம்பாறையிலிருந்து உங்களில் ஒருத்தி