இரண்டு பரப்புக் காணியும் உன் கேள்வியும்

மானிப்பாய்

அன்புள்ள மகனுக்கு,

சென்ற ஞாயிற்றுக்கிழமை நான் உன்னை அழைத்தது அப்பா வாங்கிய தோட்டக் காணி விடயமாகக் கதைப்பதற்கு மட்டுந்தான். நீயோ அந்தக் காணி எனக்கு என்னத்துக்கு அம்மா என்று தொடங்கி, வேலை என்னத்துக்கு, வீட்டுக் கடன் என்னத்துக்கு, விடிந்தால் ஓடி இருட்டினால் படுக்கிற இந்தச் சீவியமே என்னத்துக்கு என்று முடித்தாய். மருமகள் பக்கத்தில் நின்றபடியால் அப்போது நான் ஒன்றும் சொல்லவில்லை. தொலைபேசியில் சொன்னால் அது உபதேசமாகிவிடும். எழுதினால் ஆறுதலாக வாசிப்பாய், பிடிக்காத இடத்தில் மடித்து வைத்துவிட்டுப் பிறகும் எடுப்பாய் என்பதால் எழுதுகிறேன்.

இப்படிக் கேட்டதற்காக உன் விசுவாசம் குறைந்துவிட்டது என்று நான் நினைக்கவில்லை. இதே கேள்வியைக் கேட்பதற்கென்றே வேதத்தில் ஒரு புத்தகம் இருக்கிறது. பிரசங்கி 12 அதிகாரங்கள்தான், ஒரே இருப்பில் வாசித்து முடிக்கலாம். கலியாண வீட்டுக்கும் செத்த வீட்டுக்கும் அதன் மூன்றாம் அதிகாரத்தை, ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு காலமுண்டு என்பதை, எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டாம் அதிகாரத்தை யாரும் வாசித்து நான் அதிகம் கேட்டதில்லை. அங்கே அந்த மனிதர் வீடுகளைக் கட்டினேன், திராட்சத் தோட்டங்களை நாட்டினேன், குளங்களை உண்டாக்கினேன், வெள்ளியையும் பொன்னையும் சேர்த்தேன் என்று முழுக் கணக்கையும் ஒப்புவித்துவிட்டு, இதையெல்லாம் எனக்குப் பின்வருகிறவனுக்கு வைத்துவிட்டுப் போகவேண்டுமே, அவன் புத்திமானாயிருப்பானோ மூடனாயிருப்பானோ, அதை அறிவார் யார் என்று சலித்துக்கொள்கிறார். காணி உறுதிகளைத் தகரப் பெட்டியில் அடுக்கி வைத்திருக்கிற யாழ்ப்பாணத்துத் தகப்பன்மாருக்கு இதற்கு விளக்கவுரை தேவையில்லை.

அந்தப் புத்தகம் தொடங்கும் சொல் மாயை என்று நம் பழைய திருப்புதலில் இருக்கிறது. பொது மொழிபெயர்ப்பு அதை வீண் என்கிறது. எனக்கு இரண்டிலும் முழுத் திருப்தி இல்லை. மாயை என்றதும் நம் ஊரில் ஆணவம், கன்மம், மாயை என்று சைவர் சொல்லும் மும்மல வரிசைதான் எவருக்கும் நினைவுக்கு வரும். சைவ சித்தாந்தத்தில் மாயை என்பது பொய்த்தோற்றமன்று, உலகம் உண்டாவதற்கான முதற்பொருள் என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் வேலிக்கு மேலால் எனக்குப் பலதடவை பாடம் எடுத்திருக்கிறார். எபிரேயத்திலோ அந்த இடத்தில் ஹெபெல் என்ற சொல் இருக்கிறது. அது மூச்சு, ஆவி, வாயிலிருந்து புறப்பட்டு உடனே கலைந்துபோகிற காற்று. காயீனுடைய தம்பி ஆபேலின் பெயரும் இதே சொல்தான். ஒரு சந்ததியையும் வைக்காமல் வயலிலே முடிந்துபோன சீவியத்துக்கு வேறு பெயர் பொருந்தாது. இதை நான் புத்தகத்தில் படித்திருந்தாலும், போன தை மாதம் நீ ரொறன்ரோவில் வாசற்படியில் நின்று வீடியோவில் கதைத்த அன்றுதான் எனக்கு அது விளங்கியது. நீ ஒவ்வொரு வசனம் சொல்லும்போதும் உன் வாயிலிருந்து வெண்மையாக ஆவி வந்து, நான் பார்த்துக்கொண்டிருக்கவே மறைந்தது. பிடித்து வைக்க முடியாத அந்த மூச்சால்தான் நீ உயிரோடிருக்கிறாய் என்பதையும் நான் அன்று பார்த்தேன்.

நீ நாள் முழுதும் கணக்குப் பார்க்கிறவன் என்பதால் இன்னும் இரண்டு சொற்களைச் சொல்கிறேன். சூரியனுக்குக் கீழே மனுஷன் படுகிற பிரயாசத்தினால் அவனுக்குப் பலன் என்ன என்று முதலாம் அதிகாரம் கேட்கிறதே, அந்தப் பலன் என்ற இடத்தில் இருக்கும் யித்ரோன் வியாபாரக் கணக்கை ஒத்த ஒரு சொல்: எல்லாவற்றையும் கழித்த பின் கையில் நிற்கும் மிச்சம். அப்படி மிச்சம் ஒன்றும் இல்லை என்று அவர் கடைசிவரை ஒளிக்காமல் சொல்கிறார். ஆனால் உண்பதையும் குடிப்பதையும் தன் பிரயாசத்தில் மகிழ்வதையும் பற்றிப் பேசும்போது, ஐந்தாம் அதிகாரத்திலும் ஒன்பதாம் அதிகாரத்திலும் அவர் வேறொரு சொல்லை எடுக்கிறார். அது ஹேலெக், தமிழில் பங்கு. நிலத்தைப் பங்கிட்டுக் கொடுக்கும்போது ஒருவனுக்கு விழும் பாகத்துக்கும் வேதத்தில் இந்தச் சொல்தான். மிச்சம் நாம் உழைத்து மீதப்படுத்துவது, பங்கு ஒருவர் நமக்குத் தருவது. இதுவும் தேவனுடைய கரத்திலிருந்து வருகிறது என்று அவர் இரண்டாம் அதிகாரத்திலேயே சொல்லிவிட்டார். நீ இந்தப் பதினைந்து வருடமும் மிச்சத்தைத் தேடி, அது கிடைக்காதபடியால் பங்கும் இல்லை என்று முடிவு கட்டியிருக்கிறாய் என்பதுதான் என் எண்ணம். பிழையென்றால் திருத்து.

இனி எரேமியா தீர்க்கதரிசி. கி.மு. 597 இல் எருசலேமிலிருந்து பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்ட சனங்களுக்கு அவர் அனுப்பிய கடிதம் 29ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அதில் 11ஆம் வசனம் மட்டும் நம் சபையார் வீடுகளில் நாட்காட்டியாகவும் சட்டம் போட்ட படமாகவும் தொங்குகிறது: தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகள் என்பது. அதற்கு முந்திய வசனத்தை யாரும் சட்டம் போடவில்லை. அது 70 வருடம் என்கிறது. அந்தக் கடிதம் வாசிக்கப்பட்டபோது கேட்டுக்கொண்டிருந்த பெரியவர்கள் எல்லாரும் தாங்கள் ஊர் திரும்பப்போவதில்லை என்பதை அதே நிமிடத்தில் அறிந்திருப்பார்கள். இரண்டே வருடத்தில் எல்லாம் திரும்பி வரும் என்று எருசலேமில் சொல்லிக்கொண்டிருந்த அனனியா என்ற இன்னொரு தீர்க்கதரிசியின் பேச்சு அவர்களுக்கு எவ்வளவு இனித்திருக்கும் என்று யோசித்துப் பார். நாங்களும் அப்படிப்பட்ட பேச்சுகளை வேண்டிய மட்டும் கேட்டவர்கள்தானே. எரேமியாவோ வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டங்களை நாட்டி அவற்றின் கனியைச் சாப்பிடுங்கள், நீங்கள் போயிருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்று எழுதினார். ஆகையால் உன் வீட்டுக் கடனைப் பற்றி நான் இலேசாக நினைக்கவில்லை. ரொறன்ரோவில் நீ சீவிப்பது எங்கோ இருக்கிற உண்மையான சீவியத்துக்கான காத்திருப்பு அல்ல.

அதே மனிதர் பிறகு ஒரு காரியம் செய்தார். 32ஆம் அதிகாரத்தில், சிதேக்கியா ராசாவின் பத்தாம் வருடத்தில், பட்டணத்தைச் சுற்றிப் பாபிலோன் சேனை நிற்கிறது, எரேமியா காவற்சாலை முற்றத்தில் அடைபட்டிருக்கிறார், அந்த நேரம் பார்த்துப் பெரியதகப்பன் மகன் அனாமெயேல் வந்து ஆனதோத்தில் இருக்கும் தன் நிலத்தை வாங்கிக்கொள் என்கிறான். அவர் 17 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்து, சாட்சிகளை வைத்து, உறுதியை எழுதி முத்திரை போட்டு, அது அநேக நாள் இருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார். அந்த நிலத்தை அவர் உழுததாக வேதத்தில் எங்கும் இல்லை. பட்டணம் விழுந்த பின் அவரையும் எகிப்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

உனக்கு அப்போது ஐந்து வயது. 1995 ஒக்டோபர் 30 இரவு, யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தபோது, செம்மணி வீதியில் மழைக்குள் சனம் அசையாமல் நின்றதும், நீ அப்பாவின் தோளில் நித்திரையானதும் உனக்கு நினைவிருக்காது. என் கைப்பையில் உறுதிகளும் ஞானஸ்நானச் சான்றிதழ்களும் இருந்தன, மாற்றுச் சேலை ஒன்றுகூட இல்லை. நாவற்குழிப் பாலத்தைத் தாண்ட விடிந்துவிட்டது. மறு வருடம் திரும்பி வந்தபோது கூரையில் பாதி ஓடுகள் இல்லை. 1997 இல், பாதை பூட்டியிருந்து சனம் கப்பலில் திருகோணமலைக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில், அப்பாவின் பெரியப்பா மகன் வந்து, நாங்கள் கொழும்புக்குப் போகிறோம், தோட்டக் காணி இரண்டு பரப்பையும் நீ எடு என்றார். அப்பா என் காப்புகளை விற்று அதை வாங்கினார். நான் இரண்டு கிழமை அவருடன் கதைக்கவில்லை. அடுத்த மாதம் நாங்கள் எங்கே இருப்போம் என்றே தெரியாத நாட்டில், கூரைக்கு ஓடு வாங்காமல் நொத்தாரிசிடம் போன மனுசனோடு என்ன கதை? அவர் எரேமியாவை நினைத்துச் செய்தார் என்று நான் சொல்லமாட்டேன். பிரசங்கம் தொடங்கினால் தூங்கிவிடுகிறவர் அவர் என்பது உனக்கும் தெரியும். கேட்டதற்கு, வாங்குகிறதற்கு ஆள் இல்லாவிட்டால் இது ஊர் இல்லை என்று மட்டும் சொன்னார். அந்த அதிகாரத்தை அதற்கு முன் எத்தனையோ தடவை வாசித்தும் நான் வரலாறு என்று கடந்துபோயிருந்தேன். அப்பா காலமான பிறகு ஒருநாள் வாசித்தபோதுதான், முதலில் அர்த்தத்தைக் கண்டுபிடித்துவிட்டு அதன் பிறகு நிலம் வாங்கியவர்கள் இந்த இருவரில் ஒருவரும் இல்லை என்று எனக்குப் பட்டது.

இதை எழுதுவது காணியை விற்காதே என்பதற்காக அல்ல. விற்பதென்றாலும் எனக்கு மனவருத்தம் இல்லை, அந்தக் காசு உன் வீட்டுக் கடனுக்குப் போனால் எரேமியாவின் கடிதத்துக்கும் அது விரோதமில்லை. ஒன்றும் என்னத்துக்கும் உதவாது என்ற சலிப்பில் மட்டும் கையெழுத்து வைக்காதே. உறுதியின் பிரதி இத்துடன் வருகிறது, மூலம் தகரப் பெட்டியில் இருக்கிறது. எப்படி முடிவெடுத்தாலும் உனக்குப் பதிலாக இங்கே ஒருவர் கையெழுத்து வைக்க அற்றோணித் தத்துவம் எழுதி அனுப்ப வேண்டியிருக்கும், அதை அங்கே விசாரித்து வை. பக்கத்து வீட்டுப் பெரியவரின் மகன் இந்தப் போகமும் அதில் வெங்காயம் நடக் கேட்டிருக்கிறார். குத்தகைக் காசு என்ன என்று நீயே அவருடன் கதை, எனக்கு இரண்டு பிடி வெங்காயம் தந்தால் போதும் என்று சொல்லியிருக்கிறேன். கிணற்றுத் தண்ணீர் இந்த முறை நன்றாக இருக்கிறது. பேத்திக்கு என் முத்தங்கள்.

அன்புடன்,
அம்மா