கடன் இல்லை என்றால் எழுதிக் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

என் மகளுக்குக் கல்விக்கடன் கேட்டு ஒரு வங்கிக் கிளைக்கு நான்கு தடவை நடந்த தையல்காரன் நான். கல்லூரிச் சேர்க்கைக் கலந்தாய்வு முடிந்து பணம் கட்டுகிற இந்த நேரத்தில் என்னைப் போல நடந்துகொண்டிருக்கும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன்.

மகள் அரசு உதவி பெறும் பள்ளியில் படித்தவள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு அவளுக்குக் கிடையாது. தமிழ் வழி என்பதால் தமிழக அரசின் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு, குடும்பத்தில் முதல் பட்டதாரி என்ற சான்றிதழால் கல்விக் கட்டணத்தில் ஒரு பகுதி கழிந்தது. இரண்டுமே பெரிய உதவி, மறுக்கவில்லை. ஆனால் விடுதி, சாப்பாடு, தேர்வுக் கட்டணம் எல்லாம் நம் தலையில்தான்.

அதற்குத்தான் 3 லட்சம் கேட்டுப் போனோம். முதல் நாள் மேனேஜர் லீவு. அடுத்த முறை, "உங்க வீடு எங்க ஏரியாவில் வராது" என்றார்கள், அதே கிளையில்தான் எனக்குப் பத்து வருடமாகக் கணக்கு இருக்கிறது. மூன்றாம் முறை போனபோது வீட்டுப் பத்திரம் இருக்கிறதா என்று கேட்டார்கள். 4 லட்சம் வரை சொத்துப் பிணையும் வேண்டாம், நம் கையிலிருந்து பங்குத்தொகையும் போட வேண்டாம் என்று இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக்கடன் திட்டமே சொல்கிறது. அதை நான் சொன்னதும் மேனேஜருக்கு முகம் மாறிவிட்டது. நான்காம் முறை ஒரே வார்த்தை, முடியாது. "சரி சார், அதை ஒரு தாளில் எழுதிக் கொடுங்க" என்றேன், அப்படியெல்லாம் தருவதில்லை என்றார்கள்.

எனக்கு ஆறாத கோபம் இதில்தான். வாயால் சொல்லி அனுப்பிவிட்டால் எதை வைத்து மேலே முறையிடுவது? வங்கியின் கணக்கில் என் மகள் விண்ணப்பிக்கவே இல்லை, எங்களை யாரும் மறுக்கவும் இல்லை.

அப்புறம் தெருவில் ஒரு கல்லூரி மாணவி சொல்லித்தான் கல்விக்கடனுக்கு விண்ணப்பிக்கிற வித்யாலட்சுமி இணையதளம் பற்றியே தெரிந்தது. 2015-லேயே தொடங்கியதாம். ஒரே படிவத்தை நிரப்பி மூன்று வங்கிகளுக்கு அனுப்பினோம், விண்ணப்ப எண் ஒன்று வந்தது. அந்த எண்ணைச் சொன்ன பிறகு வேறொரு வங்கியில் உட்கார வைத்துப் பேசினார்கள், மூன்று வாரத்தில் கடன் கிடைத்தது. அதற்குள் முதல் தவணைக்காக என் மனைவியின் வளையல் அடகுக்குப் போயிருந்தது.

மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களில் கல்விக்கடன் முகாம் நடக்கும்போது எத்தனை பேருக்கு எத்தனை கோடி கொடுத்தோம் என்று செய்தி வருகிறது. எத்தனை பேரை எந்தக் காரணத்துக்காகத் திருப்பி அனுப்பினீர்கள் என்று கிளைவாரியாக அங்கேயே கேட்க வேண்டும். காரணத்தை எழுத்தில் தராத கிளை மீது நடவடிக்கை வேண்டும்.

இந்த வாரம் வங்கிக்குக் கிளம்புகிறவர்கள் முதலில் மத்திய அரசின் கல்விக்கடன் இணையதளத்தில் பதிந்துவிட்டு, எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள்.

இப்படிக்கு,
ஒரு மாணவியின் தந்தை,
விருதுநகர் மாவட்டம்