இந்த வருஷ அசனத்தை நாமே சமைப்போம்: நம் திருச்சபையின் சேகரக் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சேகரகுரு ஐயா அவர்களுக்கும் கமிட்டி அங்கத்தினர்களுக்கும் ஸ்தோத்திரம்.

போன ஞாயிறு அறிவிப்பில், கோயில் பண்டிகையில் எல்லாருக்கும் போடுகிற அசனச் சாப்பாட்டை இந்த வருஷமும் கேட்டரிங்காரரிடமே விட்டிருப்பதாக வாசித்தீர்கள். குடும்பத்துக்கு இவ்வளவு என்று வரியும் போட்டாயிற்று. உங்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. பாதி வீட்டுப் பிள்ளைகள் சென்னையிலும் துபாயிலும் இருக்கிறார்கள்; இருக்கிறவர்களுக்கு ராத்திரி முழுக்க விழிக்கத் தெம்பில்லை. இதெல்லாம் தெரிந்துதான் எழுதுகிறேன்.

சின்ன வயதில் எனக்குப் பண்டிகை என்றால் அசனத்துக்கு முந்தின ராத்திரிதான். கோயிலுக்குப் பின்னால் ஓலைப் பந்தலில் பெண்கள் சங்கத்தார் அரிவாள்மனையோடு வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். வெங்காய நெடியில் எல்லார் கண்ணிலும் தண்ணீர். அதற்கு நடுவே யாராவது ஒரு கீர்த்தனையை எடுத்துவிடுவார்கள், மற்றவர்கள் பிடித்துக்கொள்வார்கள். சுருதி எங்கேயோ போகும். மறுநாள் பாடகர் குழு பாடுவதைவிட அதுதான் எனக்குப் பிடிக்கும். (குழுவில் என் மகளும் இருக்கிறாள், அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.) அரிசி, வீட்டு வீட்டுக்குச் சேர்ந்த கைப்பிடி அரிசி. உலை வைக்கும்போதெல்லாம் அம்மா ஒரு கை அள்ளித் தனிக் கலயத்தில் போட்டு வைப்பாள். பல வீட்டு அரிசி கலந்திருப்பதால் சோறு ஒரே பதமாக வேகாது. ஒரே கவளத்தில் சன்ன அரிசியும் ரேஷன் அரிசியும் தட்டுப்படும். ஆட்டுக்கறிக் குழம்பை ஊற்றினால் எல்லாம் சரியாகிவிடும். ஊரில் வேறு மதத்துக்காரர்களும் ஆடு நேர்ந்து கொண்டுவந்து விடுவார்கள், பந்தியிலும் வந்து உட்காருவார்கள்.

போன வருஷம் சோறு நன்றாகத்தான் வெந்திருந்தது. ஆனால் டோக்கன் கேட்டார்கள். வரி கட்டின வீட்டுக்கு டோக்கன்; மற்றவர்கள் கடைசியில் வரலாம் என்றார்கள். தெற்குத் தெருவிலிருந்து ஒரு பாட்டி தூக்குவாளியோடு வந்து வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். கடைசிப் பந்தி முடிந்தபோது குழம்பு தீர்ந்துபோயிருந்தது. பரிமாறின பையனைக் குறை சொல்ல முடியாது, அவனுக்கு இலைக்கணக்கு மட்டும்தான் தெரியும், அந்தப் பாட்டியைத் தெரியாது. பந்தியில் நம் ஆள் ஒருவர் நின்றிருந்தால் முதலில் அந்த வாளியைத்தான் வாங்கியிருப்பார். பார்த்துக்கொண்டு சும்மா இருந்தவர்களில் நானும் ஒருவன்.

வேதாகமத்தில் அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்தில் சண்டையே இதுதானே? அன்றாட விசாரணையில், அதாவது தினசரி சாப்பாட்டுப் பங்கீட்டில், தங்கள் விதவைகளைக் கவனிக்கவில்லை என்று ஆதிச் சபையில் இருந்த கிரேக்கர் முறுமுறுத்தார்கள். உடனே ஏழு பேரைத் தெரிந்தெடுத்தார்கள். அந்த வேலைக்கு நம் வேதாகமம் கொடுத்திருக்கிற பெயர் பந்திவிசாரணை. பரிசுத்த ஆவியும் ஞானமும் நிறைந்த ஆட்கள் வேண்டும் என்று தேடியது சோறு போடுகிற வேலைக்குத்தான். விசுவாசத்துக்காக உயிர் கொடுத்த முதல் இரத்தசாட்சியான ஸ்தேவான் அந்த ஏழு பேரில் ஒருவர். நம் போதகர்களான ஐயர்மார் குருப்பட்டம் பெறுமுன் டீக்கனாக, அதாவது உதவி ஊழியராக, இருப்பதன் வேரும் அங்கேதான் என்பார்கள். ஆராதனையில் கர்த்தருடைய பந்தியில் கை நீட்டி அப்பம் வாங்குகிற நாமே இந்தப் பந்தியைக் காசு கொடுத்து வெளியாளிடம் விட்டுவிட்டோம்.

கைப்பிடி அரிசி பழங்காலத்து விஷயம் என்று கமிட்டியில் ஒருவர் சொன்னாராம். மிசோரமில் பிரஸ்பிட்டேரியன் சபையார் 1910 முதல் இன்றுவரை இதைச் செய்கிறார்கள். சமைக்கிற ஒவ்வொரு வேளையும் ஒரு கைப்பிடி. அதை விற்று வருகிற பணம் ஊழியத்துக்குப் போகிறது.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பெரிய செம்பு அண்டாவில் சமைக்கச் சமையல்காரர் வரட்டும், விறகு அடுப்பும் வேண்டாம், கேஸே இருக்கட்டும். காய் நறுக்குவதும் பரிமாறுவதும் நம் கையில் இருக்கட்டும். டோக்கன் வேண்டாம். முதல் பந்தியில் வெளியூர்க்காரர்களும் முதியவர்களும் உட்காரட்டும். கமிட்டியார் கடைசிப் பந்தியில், மணியடித்துக் கோயிலைப் பராமரிக்கிற நம் கோயில் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சாப்பிடுங்கள். இத்தனை வருஷத்தில் அவர் இலை போட்டு உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

வெங்காயம் உரிக்க எங்கள் வீட்டிலிருந்து நாலு பேர் வருகிறோம். அரிவாள்மனை நாங்களே கொண்டுவருவோம், சாக்கு மட்டும் விரித்து வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சபையில் ஒருவன்