மிச்ச இருபது நிமிடத்தையும் போடுங்கள்

மதிப்புக்குரிய நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். போன மாதம் கடைசிச் சனிக்கிழமை பின்னேரம் நம் தமிழ்ப் பள்ளி மண்டபத்தில் என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. படம் முடிய முன்னமே விளக்கைப் போட்டதும் நீங்கள்தான், புரொஜெக்டர் வயரைக் கழற்றியதும் நீங்கள்தான். மறுநாள் காலை வாட்ஸ்அப்பில் வந்த அறிவித்தலும் உங்களுடையதுதான்: இனிமேல் பிள்ளைகளுக்கு நல்லொழுக்கம் போதிக்கும் படங்கள் மட்டுமே திரையிடப்படும். அதற்குக் கீழே இருபது பேர் கும்பிடும் கை போட்டிருந்தார்கள். நான் போடவில்லை. அதற்குப் பதிலாகத்தான் இந்த மடல்.

கேட்கப்போவது ஒன்றே ஒன்று. 'சன் ஆஃப் ராம்போ' படத்தைத் திரும்பவும் போடுங்கள். பிள்ளைகளை உள்ளே இருத்தி, முடியும் வரைக்கும் போடுங்கள்.

அன்றைக்கு நான் தேத்தண்ணி மேசையில் நின்றேன். அங்கிருந்து திரை சரிவாகத்தான் தெரியும். பிள்ளைகளின் முகம் நேராகத் தெரியும். முன்னால் பாயில் சின்னதுகள், அவர்களுக்குப் பின்னால் பிளாஸ்டிக் கதிரைகளில் பெரிய வகுப்புக்காரர், கடைசியில் பெற்றோர். தொடக்கத்தில் பாதிப் பேர் நெளிந்துகொண்டு இருந்தார்கள். இது கார்ட்டூனும் இல்லை, உடம்பில் சட்டை கிழிய அடிபடும் சூப்பர் ஹீரோ படமும் இல்லை. 1980களின் தொடக்கத்து இங்கிலாந்து, ஓர் ஊர்ப் பள்ளிக்கூடம். லீ கார்ட்டர் என்ற படுகுழப்படிப் பையன் அண்ணனின் வீடியோ கமராவைத் தூக்கிக்கொண்டு, ராம்போ என்ற ஹாலிவுட் சண்டைப் பட நாயகனைப் போல ஒரு படம் எடுக்கக் கிளம்புகிறான். வில் என்ற சாதுப் பையன் ஒருவனைப் பிடித்து ஸ்டண்ட் ஆளாக்கிவிடுகிறான். அவ்வளவுதான் கதை.

ஆனால் அந்த ஒல்லிப் பையன் ஒவ்வொரு தரமும் பொத்தென்று விழுந்து, தலையை உதறிக்கொண்டு சிரித்தபடி எழும்பத் தொடங்கியதும் பாய் வரிசை குலுங்கியது. பட்டத்தில் கட்டின நாய்ச் சிலை வானத்தில் பறந்தபோது ஒரு சின்னவன் சிரிப்புத் தாங்காமல் பக்கத்துப் பிள்ளையின் மடியில் சரிந்தான். பிரான்ஸிலிருந்து மாணவர் பரிமாற்றத்தில் வந்த டிடியே என்ற பையன் பஸ்ஸை விட்டு இறங்கியதும், அதுவரை போனைப் பார்த்துக்கொண்டிருந்த பத்தாம் வகுப்புப் பெண் பிள்ளைகள் தலை நிமிர்ந்தார்கள். முதியோர் இல்லத்துத் தாத்தாவையே பையன்கள் ராம்போவாக நடிக்க வைத்தபோது (தாத்தாவாக நடித்தவர் எரிக் சைக்ஸ், நகைச்சுவையில் பழைய கை) நம்முடைய ஐயா ஒருவர் இருமல் வரும்வரை சிரித்தார். மூன்று தலைமுறை ஒரே இடத்தில் சிரித்ததை அந்த மண்டபத்தில் நான் வேறெப்போதும் கண்டதில்லை. ஆண்டு விழாவில் கண்டதில்லை என்பது நிச்சயம். அங்கே பேச்சாளர் எப்போது முடிப்பார் என்பதில்தான் மூன்று தலைமுறைக்கும் ஒற்றுமை.

பிறகு, பின்வரிசையில் முணுமுணுப்பு. இரண்டு மூன்று பேர் எழும்பி உங்களிடம் வந்து கதைத்தார்கள். பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை வெளியே போகச் சொன்னீர்கள். பதினைந்து பிள்ளைகள் சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு நடைகூடத்துக்குப் போய்ச் சுவரோரமாக இருந்தார்கள்.

உங்களில் எத்தனை பேர் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்று எனக்குத் தெரியாது. பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். வில்லின் குடும்பம் பிளிமத் சகோதரர்கள் என்ற கண்டிப்பான மதக் கூட்டத்தைச் சேர்ந்தது. அவனுக்கு சினிமாவும் கூடாது, தொலைக்காட்சியும் கூடாது. வகுப்பில் ஆசிரியர் ஏதாவது படம் போட்டால் அவன் எழுந்து வெளியே போய் நடைகூடத்தில் தனியே இருக்க வேண்டும். அங்கேதான், வகுப்பை விட்டுத் துரத்தப்பட்ட லீயைச் சந்திக்கிறான். அந்தக் காட்சிக்கு ஆளுக்காள் சிரித்த பிள்ளைகளை, அதே படம் முடிவதற்குள் அதே மாதிரி நடைகூடத்தில் இருத்தினீர்கள். இதை நீங்கள் வேண்டுமென்று செய்திருந்தால் உங்கள் நகைச்சுவைக்கு முன்னால் அந்த இயக்குநர் கார்த் ஜென்னிங்ஸ் கைகட்டி நிற்க வேண்டும்.

சரி, சின்னவர்களை அனுப்பிய பிறகாவது பெரியவர்களுக்குப் படம் ஓடியதா? அதுவும் இல்லை. பத்து நிமிடம்கூட ஆகவில்லை, விளக்கு எரிந்தது. எந்த இடத்தில் நிறுத்தினீர்கள் தெரியுமா? இரும்புச் சட்டங்கள் சரிந்து லீயின் மேல் விழுகிற இடத்தில். கதவுக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த என் மகன் கடைசியாகக் கண்டது அதைத்தான்.

அவனுக்கு எட்டு வயது. அன்றிரவு பல் விளக்கும்போது கேட்டான், "அம்மா, லீ செத்துப் போனானா?" இல்லை என்றேன். "உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்களும் பாக்கேல்லைதானே?" நான் முன்னரே பார்த்த படம் என்றேன், நம்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை கேட்டான். திங்கள் பள்ளிக்குப் போகும்போது காரில் கேட்டான். லீயின் அண்ணாவுக்கு யார் போய்ச் சொன்னது என்று கேட்டான். அந்தக் கேள்விக்கு மட்டும் நான் கொஞ்சம் ஆடிப்போனேன். ஏனென்றால் படத்தின் மிச்ச இருபது நிமிடத்தில் அந்த அண்ணாவுக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

வீட்டில் போட்டுக் காட்டலாமே என்பீர்கள். காட்டினேன். ஆஸ்பத்திரியில் லீயை உயிரோடு கண்டதும் மகன் பெருமூச்சு விட்டான், முடிவில் என் கையைப் பிடித்துக்கொண்டான். ஆனால் வானத்தில் நாய் பறந்தபோது அவன் அவ்வளவாகச் சிரிக்கவில்லை. "அண்டைக்கு எல்லாரும் சிரிச்சாங்கள், அதுதான் பகிடியா இருந்தது" என்றான். நான் கேட்பதும் அதைத்தான். மற்றப் பதினான்கு பிள்ளைகளில் எத்தனை பேர் வீட்டில் அந்தப் படத்தைத் தேடிப் பிடித்துப் போட்டிருப்பார்கள்?

இப்போது உங்களிடம் வந்த முறைப்பாடுகள். முதலாவது, முதல் காட்சியிலேயே ஒரு சிறுவன் சிகரெட் குடித்துக்கொண்டு தியேட்டரில் கள்ளமாகக் கமராவில் படம் பிடிக்கிறான் என்பது. உண்மைதான், பிடிக்கிறான். 1982இல் வந்த 'ஃபர்ஸ்ட் பிளட்' படத்தைப் பிடிக்கிறான். அந்தக் கள்ளக் கொப்பியைப் பார்த்துத்தான் வில்லின் தலைக்குள் ராம்போ புகுகிறான். ஆனால் இந்த முறைப்பாட்டைக் கொண்டு வந்த அண்ணாமாரையும் அக்காமாரையும் கும்பிட்டுக் கேட்கிறேன்: இந்த நாட்டுக்கு வந்த புதிதில் தமிழ்க் கடையில் மரக்கறிக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்திருந்த வீடியோ கசெட்டுகள் எந்தக் கம்பனியின் அசல் பிரதிகள்? திரைக்கு முன்னால் ஒருத்தர் எழும்பிப் போகும் நிழல் விழுந்த படங்களை நாங்கள் எல்லாரும் குடும்பத்தோடு இருந்து பார்க்கவில்லையா? அதைப் பார்த்து ஒழுக்கம் கெடாத நாங்கள் இதைப் பார்த்தா கெட்டுவிடப் போகிறோம்?

இரண்டாவது, படம் மதத்தைக் கேலி செய்கிறது என்பது. செய்யவில்லை. அப்பா இல்லாத வீட்டில், கூட்டத்துக்கும் மகனுக்கும் நடுவில் நின்று தவிக்கிற அந்தத் தாயைப் படம் ஓர் இடத்தில்கூடச் சிரிப்புக்கு ஆளாக்கவில்லை. அவர் யார் பக்கம் நிற்கிறார் என்பது, மன்னிக்கவும், நீங்கள் நிறுத்திய பிறகுதான் முழுதாக விளங்கும்.

மூன்றாவது, வயது. பிரிட்டனில் தியேட்டருக்காக இந்தப் படத்துக்குக் கொடுத்த சான்றிதழ் 12ஏ. பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளை பெரியவர் ஒருவரோடு வந்து பார்க்கலாம் என்பதுதான் அதன் அர்த்தம். அந்த மண்டபத்தில் பெரியவர்களுக்கு ஒரு பஞ்சமும் இருக்கவில்லை. பெரியவர்கள் கொஞ்சம் கூடிப்போனதுதான் பிரச்சினை. ஆண்டு விழாவில் ஏழு வயதுப் பிள்ளைகளைக் குத்துப்பாட்டுக்கு இடுப்பை ஆட்டவிட்டு, முன்வரிசையில் இருந்து வீடியோ எடுத்தோமே, அதற்கு எந்தச் சபை சான்றிதழ் கொடுத்தது? வேண்டாம், அதற்குள் நான் போகவில்லை.

நாலாவதாக ஓர் அங்கிள் சொன்னதையும் எழுதிவிடுகிறேன். ஆங்கிலத் தலைப்பில் ராம்போ என்ற பெயரின் வாலில் ஒரு டபிள்யூ கூடுதலாக ஒட்டியிருக்கிறது, எழுத்துப் பிழையோடு வந்த படத்தைப் பள்ளிக்கூடத்தில் போடலாமா என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

பிள்ளைகள் பார்த்துப் பழகிவிடுவார்கள் என்ற பயமும் இருக்கிறது. பழகிவிட்டார்கள், உங்களுக்குத் தெரியாதா? அடுத்த கிழமையே கார் நிறுத்துமிடத்தில் ஐந்தாறு பேர் போனில் படம் எடுக்கத் தொடங்கினார்கள். உடனே போனுக்கும் தடை போட்டீர்கள். ஒரு விஷயம் மட்டும் உங்கள் பார்வைக்கு வரவில்லை. என் மகனின் தமிழ்க் கொப்பியில் பின்பக்கத்திலிருந்து நாலு பக்கத்துக்கு ஒரு கதை இருக்கிறது. 'ராம்போவின் தங்கச்சி.' தங்கச்சி ஏன் என்றால், தனக்கும் வேஷம் தராவிட்டால் அம்மாவிடம் சொல்லுவேன் என்று சின்னவள் வெருட்டியிருக்கிறாள். வசனம் முழுக்கத் தமிழில். றகரம் வர வேண்டிய இடத்தில் எல்லாம் ரகரம். 'பறந்தான்' என்பது 'பரந்தான்' என்று கிடக்கிறது. அதனால் அவனுடைய கதாநாயகன் மதிலால் பாய்ந்து பரந்துவிடுகிறான். மூன்று வருடமாக ஒரு பந்தி எழுத அழுத பிள்ளை யாரும் சொல்லாமல் நாலு பக்கம் எழுதியிருக்கிறான். பிள்ளைகள் தமிழ் எழுதுவதில்லை என்று ஒவ்வொரு பொதுக்கூட்டத்திலும் கவலைப்படுகிற உங்களுக்கு இது நல்லொழுக்கத்தில் சேருமா, சேராதா?

அந்த இயக்குநரும் அப்படித்தான் தொடங்கியவர். சிறுவனாக 'ஃபர்ஸ்ட் பிளட்' பார்த்துவிட்டு வீட்டு வீடியோ கமராவில் படம் எடுத்தவர். அந்த நினைவிலிருந்து வந்ததுதான் இது. நடித்த இரண்டு பையன்களுக்கும், பில் மில்னருக்கும் வில் போல்டருக்கும், இதுதான் முதல் படம். லீயாக வந்த போல்டர் 2014இல் பிரிட்டிஷ் திரைப்பட விருதான பாஃப்டாவின் வளரும் நட்சத்திர விருதை வாங்கினார். இந்தப் படத்தை 2007 ஜனவரியில் அமெரிக்காவில் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் காட்டியபோது, சூட்டோடு சூடாக ஒரு பெரிய ஹாலிவுட் கம்பனி வாங்கிக்கொண்டது. அங்கே முடிந்ததும் விலை பேசினார்கள். இங்கே முடியவே விடவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபிக்க வேண்டாம். உங்களில் பாதிப் பேர் என்னுடைய வயது, யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்கள். கரண்ட் இல்லாத போர்க் காலத்தில் டீவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, ஜெனரேற்றர் வைத்து, முற்றத்தில் பாய் விரித்து விடிய விடியப் படம் பார்த்தோம். எந்தப் படத்துக்கு எத்தனை வயது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. மடியில் கிடந்த குழந்தை முதல் அம்மம்மா வரை அங்கேதான். எங்கள் வீட்டு முற்றத்தில் ஒருநாள் மூன்றாவது படம் நடுவில் மண்ணெண்ணெய் தீர்ந்து நின்றுவிட்டது. ஒரு போத்தில் மண்ணெண்ணெய் என்ன விலை விற்ற காலம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு இருட்டில் போனார். போய் வர ஒரு மணித்தியாலம். ஒருவரும் எழும்பிப் போகவில்லை. பிள்ளைகள் நித்திரை கொண்டுவிட்டோம். அவர் வந்ததும் எங்களைத் தட்டி எழுப்பிவிட்டுத்தான் மிச்சத்தைப் போடச் சொன்னார்.

ஆகவே, குழுவினரிடம் பணிவாகக் கேட்டுக்கொள்கிறேன். வருகிற மாதம் இரண்டாம் சனிக்கிழமை வகுப்பு முடிந்த பிறகு மண்டபம் சும்மாதான் கிடக்கிறது, கேட்டுப் பார்த்துவிட்டேன். படத்தின் நீளம் ஒன்றரை மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட. விரும்பாத பெற்றோர் பிள்ளையை முன்கூட்டியே கூட்டிக்கொண்டு போகட்டும், அது அவர்கள் உரிமை. விரும்புகிற பிள்ளைக்குப் பக்கத்தில் அதன் தாயோ தகப்பனோ இருக்கட்டும். நிறுத்திய இடத்திலிருந்து போட வேண்டாம், முதலிலிருந்தே போடுங்கள். நாய் பறக்கிறதை எல்லாரும் சேர்ந்து இன்னொரு தரம் பார்க்க வேண்டும்.

புரொஜெக்டர் வயர் அன்றைக்குக் கழற்றினபோது முனை வளைந்துவிட்டது. புதிதாக ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். றோல்ஸும் தேத்தண்ணியும் வழக்கம்போல என் பொறுப்பு.

இப்படிக்கு,
தேத்தண்ணி மேசைக்குப் பின்னால் நின்ற ஒரு தாய்