சாலையைக் கடக்காத உயிர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சாலைகளில் அடிபட்டு இறக்கும் காட்டு விலங்குகளின் எண்ணிக்கையைக் கொண்டு சாலைகளின் தீங்கை அளந்து தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மான் போன்ற பெரிய விலங்குகளைப் பொறுத்தவரை அது சொல்வது சரியே. ஆனால் காட்டெலி, மூஞ்சூறு, தரை அணில் போன்ற சிறு பாலூட்டிகளுக்குச் சாலையால் நேரும் தீங்கை, தார்மேல் கிடக்கும் உடல்களை எண்ணி அளந்துவிட முடியாது. நசுங்கிக் கிடக்கும் எலியை நாம் எண்ணப் போவதற்குள் காகம் தூக்கிச் சென்றுவிடும் என்பது ஒருபுறமிருக்க, அவற்றில் பல சாலைமீது கால் வைப்பதே இல்லை.

கனடாவில் நடந்து 1974-இல் வெளியான ஓர் ஆய்வில், இருபுறக் காட்டு விளிம்புகளுக்கு இடைப்பட்ட வெளி 20 மீட்டரைத் தாண்டியபோது சிறு வனப் பாலூட்டிகள் அதைக் கடக்கத் தயங்கியது தெரியவந்தது. வண்டிகளுக்கு அஞ்சித்தான் அவை ஒதுங்குகின்றன என்றே நானும் நினைத்திருந்தேன். ஆனால் 2008-இல் வெளியான மற்றொரு கனடிய ஆய்வில், வெண்கால் எலிகளையும் சிப்மங்க் என்னும் தரை அணில்களையும் பிடித்துச் சாலைக்கு அப்பால் விட்டுப் பார்த்தபோது, போக்குவரத்து மிகுதியா குறைவா என்பது அவை திரும்பி வருவதைப் பாதிக்கவில்லை; இடையில் எத்தனை சாலைகள் குறுக்கிட்டன என்பதே பாதித்தது. அப்படியானால் இரவில் சாலையை மூடுவதும் வேகத்தடை போடுவதும் பெரிய விலங்குகளைக் காப்பாற்றலாம். மறைவில்லாத வெட்டவெளிக்கு அஞ்சும் எலிக்கு அவற்றால் பெரிதாகப் பயன் இராது. இத்தகைய பிரிவினை தலைமுறைகளாக நீடிக்கும்போது, நெடுஞ்சாலையின் இரு பக்கத்து எலிக்கூட்டங்களும் மரபணு அளவிலேயே வேறுபடத் தொடங்குவதை ஐரோப்பாவில் வோல் எனப்படும் குட்டைவால் எலிகளிடம் கண்டிருக்கிறார்கள். சாதாரண நாட்டுப்புறச் சாலை அந்த அளவுக்குப் பிரிக்கவில்லை.

சாலையோரப் புல்வெளியால் சில இனங்களுக்கு நன்மையும் உண்டு என்பதை மறைப்பது நேர்மையாகாது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் புல்வெளி வோல்கள் நெடுஞ்சாலை ஓரத்துப் புல்லையே வழியாகக் கொண்டு புதிய பகுதிகளுக்குப் பரவின. எனவே பாதிப்பை இனவாரியாகத்தான் பார்க்க வேண்டும்.

தீர்வுக்குப் பெரும் மேம்பாலங்கள் தேவையில்லை. ஆஸ்திரேலியாவின் ஹோதம் மலையில், சாலையும் பனிச்சறுக்கு விடுதிகளும் மலைப் பிக்மி பாசம் என்னும் எலியளவு விலங்கின் வாழிடத்தைத் துண்டாடியதால், இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் விலகிச் செல்ல வேண்டிய ஆண்கள் பெண்களின் இடத்திலேயே தங்கிவிட்டன. 1980-களில் சாலைக்கு அடியில் சுரங்கவழி அமைத்த பிறகு அந்த நடமாட்டம் மீண்டது. அந்த வழியை வெறுங்குழாயாக விடாமல், அவை ஒளிந்து செல்லும் வகையில் பாறைகளால் நிரப்பியிருந்தார்கள் என்பதே இதில் நான் முக்கியமாகக் கருதுவது. மழைநீருக்காக ஏற்கெனவே கட்டப்பட்டுள்ள மதகுகளின் ஓரத்தில் நனையாத ஒரு திட்டும், வாயில்களில் கொஞ்சம் கல்லும் மரக்கட்டையும் புதரும் இருந்தால் அவற்றையும் இவ்வாறு பயன்படுத்தலாம். அத்தகைய மதகுகளைப் பற்றியும் தங்கள் இதழ் ஒரு கட்டுரை வெளியிட வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்