பல்கலைக்கழகத் தேர்வும் தரவரிசைப் பட்டியலும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாணவர் சேர்க்கைக் காலம் நெருங்கும்போதெல்லாம் தங்கள் நாளிதழ் முழுப்பக்க அளவில் வெளியிட்டுவரும் பல்கலைக்கழகத் தரவரிசைப் பட்டியலை முன்னிட்டு இக்கடிதத்தை எழுதுகிறேன். பள்ளி இறுதி வகுப்பு மாணவர்களுக்கு மேற்படிப்பு குறித்து வழிகாட்டும் பொறுப்பில் உள்ள ஆசிரியை என்ற முறையில், அந்தப் பட்டியல் ஒரு மாணவரின் முடிவில் எவ்வளவு பெரிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது என்பதை அருகிலிருந்து பார்த்துவருகிறேன். அதற்குத் தகுதியான இடம் அதைவிட மிகச் சிறியது என்பதே என் உறுதியான கருத்து.

எந்தப் பல்கலைக்கழகத்தில் சேரலாம் என்று யோசிக்கும் மாணவரின் மனத்தில் பல காரணங்கள் ஒரே நேரத்தில் வேலை செய்கின்றன. விரும்பிய பாடப்பிரிவு கிடைக்குமா, கட்டணத்தைக் குடும்பம் தாங்குமா, வீட்டிலிருந்து எவ்வளவு தூரம், உடன் படித்தவர்கள் எங்கே செல்கிறார்கள், பெற்றோர் எதைப் பெருமையாக நினைக்கிறார்கள், படித்து முடித்ததும் வேலை கிடைக்குமா என்பவை அவற்றுள் முக்கியமானவை. இவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு விடை காண மெனக்கெட வேண்டும். நாலு பேரிடம் விசாரிக்க வேண்டும். கணக்குப் போட வேண்டும். தரவரிசை எண்ணுக்கோ எந்த முயற்சியும் தேவையில்லை. இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது முன்னே என்று குழந்தைக்கும் தெரியும். விசாரித்து அறிய வேண்டிய காரணங்கள் எல்லாம் அந்த எண்ணுக்குப் பின்னால் ஒதுங்கிவிடுவது இதனால்தான்.

இதை வெறும் அனுபவத்தைக் கொண்டு மட்டும் சொல்லவில்லை. மைக்கேல் லூக்கா, ஜோனதன் ஸ்மித் ஆகிய இரு ஆய்வாளர்கள், அமெரிக்காவில் 1983 முதல் கல்லூரித் தரவரிசை வெளியிட்டுவரும் ‘யு.எஸ். நியூஸ்’ இதழின் பட்டியல்களை ஆராய்ந்து 2013-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பட்டியலில் ஒரு கல்லூரி ஓரிடம் முன்னேறினால் அதற்கு வரும் விண்ணப்பங்கள் சுமார் ஒரு விழுக்காடு கூடுகின்றன என்று அவர்கள் கண்டார்கள். அதைவிட முக்கியமானது அவர்களுடைய இரண்டாவது முடிவு. கல்லூரிகளின் தரம் பற்றிய விவரங்களையும் மதிப்பிடும் முறையையும் கொடுத்துவிட்டு, வரிசை எண் போடாமல் பெயர்களை அகரவரிசையில் அச்சிட்டிருந்தபோது, அவற்றைக் கொண்டு கணக்கிடக்கூடிய தரவரிசையால் விண்ணப்பங்களில் எந்த மாற்றமும் ஏற்படவில்லை. விவரங்கள் அதே பக்கத்தில் இருந்தும், ‘இத்தனையாவது இடம்’ என்ற எண் இல்லாதபோது அவை யாரையும் அசைக்கவில்லை. மாணவர்களை இழுப்பது கல்லூரியின் தரத்தைப் பற்றிய தகவலன்று, அந்த எண்ணே என்று இதிலிருந்து புரிந்துகொள்கிறேன். அச்சிடும் முறை ஒன்றே இவ்வளவு செல்வாக்கு உடையதென்றால், அச்சிடுபவரின் பொறுப்பும் அந்த அளவுக்குப் பெரியது.

அந்த எண் எதை அளக்கிறது என்பதையும் பார்ப்போம். ஷாங்காய் ஜியாவ் தோங் பல்கலைக்கழகம் 2003-இல் தொடங்கிய உலகத் தரவரிசையில், நோபல் பரிசோ கணிதத்துக்கான ஃபீல்ட்ஸ் பதக்கமோ பெற்ற முன்னாள் மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் மட்டும் 30 விழுக்காடு மதிப்பெண். ‘நேச்சர்’, ‘சயின்ஸ்’ ஆகிய இரண்டு இதழ்களில் வெளியான கட்டுரைகளுக்கு 20 விழுக்காடு. வகுப்பறையில் பாடம் எப்படி நடக்கிறது என்பதை நேரடியாக அளக்கும் அளவுகோல் அதில் ஒன்றுகூட இல்லை. சீனப் பல்கலைக்கழகங்கள் ஆராய்ச்சியில் உலகத்தோடு ஒப்பிடும்போது எங்கே நிற்கின்றன என்று அறிவதற்காக உருவான பட்டியல் அது. அந்த நோக்கத்துக்கு அது பொருத்தமாகவே இருக்கலாம். பதினேழு வயதில் முதல் பட்டப்படிப்புக்கு இடம் தேடும் ஒருவருக்காக அது தயாரிக்கப்படவில்லை. க்யூஎஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் உலகப் பட்டியலில் நீண்ட காலம் 40 விழுக்காடு மதிப்பெண் கல்வியாளர்களிடம் நடத்தும் கருத்துக் கணிப்பிலிருந்து வந்தது. 2024-ஆம் ஆண்டுப் பட்டியலில் அதை 30 விழுக்காடாகக் குறைத்து, புதிய அளவுகோல்கள் சிலவற்றைச் சேர்த்தார்கள். அந்த ஒரே ஆண்டில் பெர்க்லியிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் 27-ஆம் இடத்திலிருந்து 10-ஆம் இடத்துக்கு வந்தது. ஓராண்டுக்குள் ஒரு பழம்பெரும் நிறுவனத்தில் பாடம் நடத்தும் முறை அவ்வளவு மாறியிருக்க வழியில்லை. கணக்கிடும் முறை மாறியது, எண்ணும் மாறியது.

எண்களுக்கு அடிப்படையான தரவுகளைப் பல்கலைக்கழகங்களே தருகின்றன என்பது இன்னொரு சிக்கல். நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகம் ‘யு.எஸ். நியூஸ்’ பட்டியலில் 2-ஆம் இடத்தில் இருந்தபோது, அங்கேயே பணியாற்றும் கணிதப் பேராசிரியர் ஒருவர் தம் நிறுவனம் கொடுத்த விவரங்கள் சரியல்ல என்று 2022-இல் ஆதாரங்களோடு எழுதினார். வகுப்பின் அளவு உள்ளிட்ட சில விவரங்கள் தவறானவை என்று பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்டது. அடுத்த பட்டியலில் அது 18-ஆம் இடத்துக்கு இறங்கியது. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகம் 2023-இலும் சுவிட்சர்லாந்தின் சூரிக் பல்கலைக்கழகம் 2024-இலும் ‘டைம்ஸ் ஹையர் எஜுகேஷன்’ என்ற பிரிட்டிஷ் இதழின் தரவரிசையிலிருந்து தாமாகவே விலகிக்கொண்டன. இந்தச் செய்திகளும் தங்கள் பட்டியல் வெளியாகும் பக்கத்திலேயே வாசகருக்குக் கிடைக்க வேண்டியவை அல்லவா?

நல்ல பெயருள்ள இடத்தில் படித்தவர்கள் நன்றாகச் சம்பாதிக்கிறார்களே என்று பெற்றோர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் ஆகிய பொருளியலாளர்கள், 1976-இல் கல்லூரியில் சேர்ந்த அமெரிக்க மாணவர்களின் பிற்கால வருமானத்தை ஆராய்ந்து 2002-இல் இதற்கு விடை தேடினார்கள். ஒரே மாதிரியான கல்லூரிகளில் விண்ணப்பித்து, ஒரே மாதிரியான கல்லூரிகளில் இடம் கிடைத்தவர்களை மட்டும் எடுத்து ஒப்பிட்டபோது, கடும் போட்டியுள்ள கல்லூரியில் சேர்ந்தவர்களுக்கும் அந்த இடத்தை விட்டுவிட்டு வேறு கல்லூரியில் சேர்ந்தவர்களுக்கும் வருமானத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. பின்னாளில் தெரியும் உயர்வில் பெரும்பங்கு, அந்த மாணவர் சேரும்போதே கையோடு கொண்டுவந்த திறமைக்கும் முயற்சிக்கும் உரியது. ஆனால் ஒரு விதிவிலக்கையும் அந்த ஆய்வு கண்டது: குறைந்த வருமானக் குடும்பத்து மாணவர்களுக்குப் புகழ்பெற்ற கல்லூரி உண்மையாகவே வருமானத்தை உயர்த்தியது. அறிமுகங்களும் தொடர்புகளும் வீட்டில் கிடைக்காதவருக்கு அவற்றைக் கல்லூரி தருகிறது போலும். ஆகவே ‘பெயரில் ஒன்றுமில்லை’ என்று எல்லா மாணவருக்கும் பொதுவாகச் சொல்லிவிட என்னால் முடியவில்லை. வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைக்குப் பெரிய பெயருள்ள இடத்தில் உதவித்தொகையுடன் இடம் கிடைத்தால், தூரத்தைக் காரணம் காட்டி அதை விட்டுவிடக் கூடாதென்று நானே பெற்றோரிடம் வாதாடுவேன்.

தூரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வீட்டுக்கு அருகே கல்லூரி இருக்கும் இடத்தில் வளர்ந்தவர்கள் கூடுதலாகப் படிக்கிறார்கள் என்றும், பெற்றோர் அதிகம் படிக்காத குடும்பங்களில்தான் இந்த வேறுபாடு மிகுதியாகத் தெரிகிறது என்றும் டேவிட் கார்டு என்ற பொருளியலாளர் தொண்ணூறுகளில் அமெரிக்கத் தரவுகளைக் கொண்டு காட்டினார். 2021-இல் பொருளியலுக்கான நோபல் பரிசில் பங்கு பெற்றவர் அவர். தினமும் வீட்டிலிருந்து போய்வர முடியும் என்ற ஒரே காரணத்தால் படிப்பைத் தொடர முடிந்தவர்கள் எங்கும் உண்டு. பக்கத்துக் கல்லூரியைத் தேர்ந்தெடுத்தவரைத் துணிச்சலில்லாதவர் என்று சுற்றத்தார் பேசுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

பணத்தைப் பொறுத்தவரை, விளம்பரத்தில் காணும் கல்விக் கட்டணத்தோடு கணக்கு முடிந்துவிடுவதில்லை. மாணவர்களை ஒரு முழுத்தாளில் எழுதச் சொல்வேன்: தேர்வுக் கட்டணம், ஆய்வகக் கட்டணம், விடுதி, சாப்பாட்டுச் செலவு, திருப்பித் தரப்படும் முன்பணம், திருப்பித் தரப்படாத முன்பணம், விடுமுறைக்கு வீடு வந்துபோகும் பயணச் செலவு, புத்தகம், கணினி. அத்தனையையும் ஆண்டு வாரியாகக் கூட்டிப் பார்க்கும்போதுதான் கட்டணம் குறைவென்று நினைத்த இடம் சில நேரம் அதிகச் செலவு பிடிப்பதாகத் தெரியவரும். உதவித்தொகையிலும் முதலாண்டுத் தொகையை மட்டும் பார்த்தால் போதாது. எத்தனை மதிப்பெண் குறைந்தால் அது நிறுத்தப்படும், நிறுத்தியபின் மீண்டும் கிடைக்குமா என்ற நிபந்தனைகளை விதிமுறைத் தாளின் கடைசி வரி வரை படிக்க வேண்டும். இந்த விஷயத்தில் தகவல் கொடுத்தால் மட்டும் போதாது என்பதற்கும் சான்று உண்டு. 2012-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், குடும்பத்தினருடன் உட்கார்ந்து நிதியுதவி விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தபோது, அடுத்த மூன்று ஆண்டுகளில் குறைந்தது இரண்டு ஆண்டுக் கல்லூரிப் படிப்பை முடித்த பிள்ளைகளின் பங்கு 28-லிருந்து 36 விழுக்காடாக உயர்ந்தது; விவரங்களை மட்டும் சொல்லி அனுப்பிய குடும்பங்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை. இது பத்திரிகையின் வேலையன்று, எங்களைப் போன்ற பள்ளிகளின் வேலை என்பதை ஏற்கிறேன்.

வேலைவாய்ப்புப் புள்ளிவிவரங்களைப் பற்றித் தங்களிடம் வலியுறுத்தியே ஆக வேண்டும், ஏனெனில் அவையும் தங்கள் பக்கங்களில் விளம்பரமாகவும் செய்தியாகவும் வருகின்றன. ‘சராசரி ஊதியம்’ என்று ஓர் எண்ணை நிறுவனங்கள் வெளியிடுகின்றன. பத்துப் பேரில் ஒன்பது பேர் ஒரே ஊதியம் பெற, பத்தாமவர் ஒருவர் மட்டும் அதைப்போல் பதினொரு மடங்கு பெற்றால், சராசரி இரு மடங்காகிவிடும். அதாவது ஒன்பது பேரும் அந்தச் சராசரியில் பாதியைத்தான் பெறுகிறார்கள். வேலை கிடைத்தவர்களை மட்டும் கணக்கில் எடுத்தார்களா, சேர்ந்தவர்கள் அனைவரையும் எடுத்தார்களா என்பதும் பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை. ஊதியங்களை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பவர் எவ்வளவு பெறுகிறார், சேர்ந்த நூறு பேரில் எத்தனை பேர் உரிய காலத்தில் பட்டம் பெற்றார்கள் என்ற இரண்டு எண்களைக் கேட்டு வாங்கி வெளியிட்டாலே மாணவர்களுக்குப் பேருதவியாக இருக்கும்.

வளாகத்தை நேரில் போய்ப் பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்பார்கள். போய்ப் பார்ப்பது நல்லதுதான். ஆனால் அங்கும் மனம் எளிதில் ஏமாறும். படிப்பில் கண்டிப்புக்குப் பெயர்போன ஒரு பல்கலைக்கழகத்தைப் பார்வையிட வந்த மாணவர்களை உரி சைமன்சன் என்ற ஆய்வாளர் கவனித்து 2010-இல் எழுதினார். வானம் மேகமூட்டமாக இருந்த நாளில் வந்தவர்கள், வெயிலடித்த நாளில் வந்தவர்களைவிட அதிகமாக அங்கே சேர்ந்தார்கள். மந்தாரமான நாளில் உட்கார்ந்து படிக்கும் எண்ணம் மேலோங்குவதும், வெயில் நாளில் விளையாட்டும் ஊர்சுற்றலும் மனத்தை இழுப்பதும் இதற்குக் காரணமாக இருக்கலாம். எப்படியானாலும், பல ஆண்டுகளைத் தீர்மானிக்கும் முடிவில் ஒரு நாளின் வானிலைக்கும் பங்கிருந்தது.

அதனால்தான் வளாகத்துக்குப் போகும் மாணவர்களிடம், கட்டடங்களைப் பார்த்த பிறகு துறை அலுவலகத்தின் அறிவிப்புப் பலகைக்கு முன்னால் கொஞ்ச நேரம் நில்லுங்கள் என்கிறேன். முதலாண்டு வகுப்புக்கான கால அட்டவணை அங்கே ஒட்டப்பட்டிருக்கும். எந்தப் பாடத்துக்கு யார் பெயர் எழுதியிருக்கிறது, எத்தனை கட்டங்களில் பெயருக்குப் பதிலாகக் கோடு போட்டிருக்கிறது, ஆய்வக நேரம் வாரத்துக்கு எவ்வளவு என்பதெல்லாம் அதில் தெரியும். பிறகு இரண்டாம், மூன்றாம் ஆண்டு மாணவர் யாரையாவது நிறுத்தி, பாடம் புரியாதபோது யாரிடம் போவீர்கள், அவர் அறையில் இருப்பாரா, உங்கள் பெயர் தெரிந்த ஆசிரியர்கள் எத்தனை பேர் என்று கேட்கச் சொல்கிறேன். இந்தக் கேள்விகளுக்குத் தயங்காமல் விடை சொல்லும் மாணவர்கள் இருக்கும் துறை, தரவரிசையில் எங்கே இருந்தாலும், சேரத்தக்க துறை என்று துணிந்து சொல்வேன். 2014-இல் கேலப் நிறுவனமும் பர்டியூ பல்கலைக்கழகமும் 30,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கப் பட்டதாரிகளிடம் நடத்திய கருத்துக் கணிப்பில், தம்மீது அக்கறை காட்டிய, கற்பதில் ஆர்வமூட்டிய, தம் கனவுகளுக்கு ஊக்கமளித்த ஆசிரியர்கள் கிடைத்ததாகச் சொன்னவர்கள், பிற்காலத்தில் தம் வேலையில் ஈடுபாட்டோடு இருக்கும் வாய்ப்பு இரு மடங்குக்கும் மேல் என்று தெரிந்தது. படித்த நிறுவனம் எந்த வகையைச் சேர்ந்தது என்பதால் அதில் பெரிய வேறுபாடு இல்லை. அந்த மூன்றும் தமக்குக் கிடைத்ததென்று உறுதியாகச் சொன்னவர்கள் 14 விழுக்காட்டினர் மட்டுமே.

நண்பர்களோடு சேர்ந்தே போக வேண்டும் என்ற ஆசையை நான் குறைத்துப் பேச மாட்டேன். புதிய இடத்தில் தெரிந்த முகம் ஒன்று இருப்பது பெரிய ஆறுதல். பாடப்பிரிவையே அதற்காக மாற்றிக்கொள்வதைத்தான் தடுக்க முயல்கிறேன்.

தங்களிடம் நான் கேட்பது இதுதான். வரும் சேர்க்கைக் காலத்தில் பல்கலைக்கழகங்களின் பெயர்களை வரிசை எண் இல்லாமல் அகரவரிசையில் வெளியிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, ஒரு துறையையாவது எடுத்துக்கொண்டு, படிப்புக் காலம் முழுமைக்குமான மொத்தச் செலவு, சேர்ந்தவர்களில் உரிய காலத்தில் பட்டம் பெற்றோர் பங்கு, வரிசையின் நடுவில் நிற்பவரின் ஊதியம், நிரந்தர ஆசிரியர் ஒருவருக்கு எத்தனை மாணவர், உதவித்தொகை தொடர்வதற்கான நிபந்தனை ஆகியவற்றை அச்சிடுங்கள். கேட்டும் விவரம் தராத நிறுவனத்தின் கட்டத்தில் ‘தரவில்லை’ என்றே போடுங்கள். தரவரிசையை வெளியிட்டே ஆக வேண்டுமென்றால், அந்த எண்ணில் எதற்கு எத்தனை விழுக்காடு என்பதை அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் சேர்த்து வெளியிடுங்கள். அந்தப் பக்கத்தை வெட்டி எங்கள் பள்ளியின் அறிவிப்புப் பலகையில் நானே ஒட்டிவைப்பேன்.

இப்படிக்கு,
பள்ளி இறுதி வகுப்பு ஆசிரியை ஒருவர்